"உள்ளே மூன்று உயிர்கள், கேப்டன்!" – விண்கப்பலுக்கு நம்பும்படி சென்சார் பொருத்துவது எப்படி?

வாரத்தில் ஒரு நாள் பினாங்கின் பாயான் லெப்பாஸில் வேலை முடிந்ததும் பாடாங் கோத்தா பக்கம் ஒரு மாமாக் கடையில் கூடுவோம். கதை எழுதும் பித்துப் பிடித்த நாலைந்து பேர். அதில் இளையவனான ஒரு தம்பி போன மாதம் விண்வெளிக் கதை ஒன்றை நீட்டினான். நாலாம் பக்கத்தில் ஒரு பெண் திரையைப் பார்த்துச் சொல்கிறாள்: "கேப்டன், 30 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் ஒரு கப்பல். உள்ளே மூன்று உயிர்கள். ஆயுதம் தயாராக இருக்கிறது."

"எப்படித் தெரிஞ்சது?" என்றேன்.

"சென்சார்ல பார்த்தாங்கண்ணே."

"எந்த சென்சார்ல?"

தம்பி தே தாரிக்கைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

அகச்சிவப்பு சென்சார்களை, அதாவது வெப்பத்தைப் பார்க்கும் கண்களைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு. அந்த வேலை கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று: எந்த சென்சாரும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். வெப்பக் கேமரா "இங்கே சூடு இருக்கிறது" என்று சொல்லும். அது மனிதனா, இப்போதுதான் இறக்கி வைத்த கெண்டியா என்று சொல்லாது. சுவரில் கையை வைத்து எடுத்தால், கை போன பிறகும் சில நொடிகள் அங்கே ஒரு கை தெரியும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் ஆள் தெரியவே மாட்டார், ஏனென்றால் வெப்பக் கேமரா பார்க்கும் அலைநீளத்துக்குக் கண்ணாடியும் ஒரு சுவர்தான். கதைகளில் வரும் சென்சார்கள் எல்லாம் தெரிந்த சோதிடர்களாக இருப்பதுதான் சிக்கல்.

அன்று தாள் நாப்கினில் தம்பிக்குக் கிறுக்கிக் கொடுத்ததை இங்கே விரித்து எழுதுகிறேன். உதாரணத்துக்கு நம் கப்பலின் பெயர் 'கடாரம்'. வியாழனுக்கு அருகில் நிற்கிறது. எதிரே அடையாளம் தெரியாத ஒரு கப்பல்: 150 மீட்டர் நீளம், 20 மீட்டர் விட்டம், தம்பி சொன்ன அதே 30 லட்சம் கிலோமீட்டர் தூரம். கணக்கெல்லாம் இந்த இரண்டையும் வைத்துத்தான்.

படி 1: கிலோமீட்டரை ஒளிநொடியாக மாற்றுங்கள்

ஒளி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக, எதிரி 10 ஒளிநொடி தள்ளி இருக்கிறான். திரையில் தெரிவது 10 நொடிக்கு முந்தைய அவன். ரேடார் அலை அனுப்பினால் போக 10, வர 10, மொத்தம் 20 நொடி. அவன் நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறான் என்றால், எதிரொலி வந்து சேர்வதற்குள் 600 கிலோமீட்டர் நகர்ந்திருப்பான்.

நிலாவுக்கு 1.3 நொடி. சூரியனிலிருந்து பூமிக்கு 8 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். பூமியிலிருந்து செவ்வாய்க்கு, இரண்டும் எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம். வியாழனுக்கு அரை மணி நேரத்துக்கும் மேல். கதையின் ஒவ்வொரு காட்சிக்கும் இந்த எண்ணை ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரங்கள் எப்போது பதறலாம், எப்போது காத்திருந்தே ஆகவேண்டும் என்பதை அதுவே முடிவு செய்துவிடும்.

படி 2: முதலில் சூட்டைத் தேடுங்கள்

பெரும்பாலானவர்கள் ரேடாரிலிருந்து தொடங்குவார்கள். வேண்டாம். விண்வெளியின் பின்னணி வெப்பநிலை 2.7 கெல்வின், அதாவது சுமார் மைனஸ் 270 செல்சியஸ், கிட்டத்தட்ட முழுக் குளிர். அந்த இருட்டில் மனிதர்கள் உயிர்வாழும் கப்பல் ஒன்று கார்த்திகை விளக்கைப் போல நிற்கும்.

கணக்கைப் பாருங்கள். கப்பலின் வெளிப்பரப்பு சுமார் 10,000 சதுர மீட்டர். தோல் 290 கெல்வினில், அதாவது குளிர்சாதன அறை அளவு வெப்பத்தில் இருந்தால், ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமார் 400 வாட் வெப்பத்தை வெளிவிடும். மொத்தம் 40 லட்சம் வாட். எஞ்சின் ஓடவில்லை, யாரும் எதையும் சுடவில்லை, சும்மா இருப்பதற்கே இவ்வளவு. இந்த வெப்பத்தில் பெரும்பகுதி 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி வரும். கோவிட் காலத்தில் பேரங்காடி வாசலில் நம் நெற்றியை அளந்த கேமராக்கள் பார்த்ததும் இதே அலைவரிசையைத்தான்.

அந்த 40 லட்சம் வாட் எல்லாப் பக்கமும் பரவி, 30 லட்சம் கிலோமீட்டர் கடந்து, கடாரத்தின் 2 மீட்டர் தொலைநோக்கிக்கு வந்து சேரும்போது எவ்வளவு மிஞ்சும்? வாட்டில் சொன்னால் சிரிப்பு வரும். ஃபோட்டானில், அதாவது ஒளித்துகள் கணக்கில் சொன்னால் நொடிக்குத் தோராயமாக 50 லட்சம். நல்ல சென்சாருக்கு இது விருந்து.

ஒரு நிபந்தனை உண்டு. பார்க்கும் கருவி பார்க்கப்படுவதைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தன் சூட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைப் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி வைத்து, டென்னிஸ் மைதானம் அளவுக்குக் குடை விரித்து, அதிலுள்ள ஒரு கருவியை 7 கெல்வினுக்கும் கீழே குளிர்வித்து வைத்திருப்பது இதற்காகத்தான். எனவே கடாரத்தின் அகச்சிவப்புக் கண்ணை எஞ்சினுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். நீளமான ஒரு கையின் நுனியில், குடைக்குப் பின்னால் வையுங்கள். அந்தக் கை உடைந்தால் கப்பல் குருடாகிவிடும். கதைக்கு ஒரு முடிச்சு இலவசம்.

எதிரி ஒளிந்துகொள்ள முடியாதா என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். தோலை 30 கெல்வினுக்குக் குளிர்வித்தால் வெளிவரும் வெப்பம் 8,000 மடங்குக்கும் மேல் குறையும். ஆனால் உள்ளே பிறக்கும் வெப்பம் எங்கே போகும்? கருவிகளும் ஆட்களும் சேர்ந்து வெறும் 10 லட்சம் வாட் என்று வைத்துக்கொள்வோம். அதை விழுங்க ஐஸை உருக்கினால், நொடிக்கு 3 கிலோ. மணிக்குப் பத்து டன்னுக்கு மேல். பினாங்கில் ஐஸைச் சீவிப் போடும் அத்தனை செண்டோல் கடைகளும் சேர்ந்தாலும் கட்டுப்படியாகாது. ஆக, சில மணி நேரம் ஒளியலாம், பிறகு வெளியே கொட்டித்தான் ஆகவேண்டும். இன்னொரு வழி, வெப்பத்தை நம் கண்ணில் படாத ஒரே திசையில் மட்டும் கொட்டுவது. அதற்கு நாம் எங்கே இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம்மிடம் இரண்டாவது கண் வேறு ஒரு திசையில் இருந்தால் அவன் மாட்டினான்.

படி 3: எங்கே பார்ப்பது?

சூடு பளிச்சென்று தெரியும் என்றேன். சரியான பக்கம் திரும்பியிருந்தால்தான் தெரியும். 'விண்வெளியில் ஒளியவே முடியாது' என்று அடித்துப் பேசும் நண்பர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

முழு வானமும் 41,253 சதுர பாகை. முழுநிலாக்களை ஒட்டி ஒட்டி வைத்தால் ஏறக்குறைய 2 லட்சம் நிலா. உங்கள் தொலைநோக்கி ஒரு நேரத்தில் 1 சதுர பாகையைப் பார்க்கும், ஒவ்வொரு இடத்திலும் 10 நொடி நிற்கும் என்றால், ஒரு சுற்று முடிக்க கிட்டத்தட்ட 5 நாள். நூறு தொலைநோக்கி இருந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். உங்கள் கப்பலுக்கு எத்தனை கண், ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம் என்பதை முதலிலேயே முடிவு செய்து, கடைசிவரை மாற்றாதீர்கள். வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

சூரியன் இருக்கும் பக்கம் யாருக்கும் கண் கூசும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் வெடித்த விண்கல் ஏறக்குறைய 20 மீட்டர் அகலம். கண்ணாடிகள் நொறுங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அது வருவதை ஒருவரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை, ஏனென்றால் அது வந்தது சூரியனின் திசையிலிருந்து. உங்கள் வில்லனுக்கு நான் தரும் முதல் ஆலோசனை இதுதான்.

படி 4: புள்ளியைப் படமாக்காதீர்கள்

"திரையில் பெரிதாக்கு" என்றதும் எதிரிக் கப்பலின் ஆணிகள் வரை தெரிவது. இதை எழுதாதவர் யார்? நானும் எழுதியிருக்கிறேன்.

ஒரு தொலைநோக்கி எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் என்பதை அதன் கண்ணாடியின் அகலமும் ஒளியின் அலைநீளமும்தான் தீர்மானிக்கும். மென்பொருள் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் வராத தகவலை வரவழைக்க முடியாது. ஒரு கைக்கணக்கு தருகிறேன்: கண்ணுக்குத் தெரியும் ஒளியில், 1 மீட்டர் கண்ணாடி 1,000 கிலோமீட்டர் தூரத்தில் சுமார் 60 சென்டிமீட்டர் வரை பிரித்துக் காட்டும். தூரம் இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். கண்ணாடி இரட்டித்தால் பாதியாகும். ஹப்பிள் விண்தொலைநோக்கியின் கண்ணாடி 2.4 மீட்டர். அதை நிலாவின் மேல் திருப்பினால் சுமார் 100 மீட்டருக்குக் குறைந்த எதையும் பிரித்தறிய முடியாது. நிலவில் இறங்கியவர்கள் விட்டுவந்த கலத்தை ஹப்பிளால் ஏன் காட்ட முடியவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

கடாரத்தின் 2 மீட்டர் கண்ணாடிக்கு 30 லட்சம் கிலோமீட்டரில் கிடைக்கும் நுணுக்கம் 900 மீட்டர். எதிரியோ 150 மீட்டர். அவன் ஒரு புள்ளி, அவ்வளவுதான். அவனைப் பத்துக் கட்டங்களாகவாவது பிரித்துப் பார்க்க 120 மீட்டர் அகலக் கண்ணாடி வேண்டும். அகச்சிவப்பில் இதைவிட இருபது மடங்கு மோசம். 2019-ல் வெளியான கருந்துளைப் படத்துக்குப் பல கண்டங்களில் உள்ள ரேடியோ தொலைநோக்கிகளை ஒன்றாகக் கோர்த்தார்கள். அதுபோல ட்ரோன் கூட்டம் ஒன்றைப் பரப்பி வைத்தால் கடாரமும் படம் எடுக்கலாம். ஆனால் அந்த ட்ரோன்களுக்கு இடையே உள்ள தூரம் அலைநீளத்தைவிட நுணுக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும். ரேடியோ அலைக்கு அது மில்லிமீட்டர் விவகாரம், ஒளிக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

படி 5: புள்ளியைப் பேச வையுங்கள்

வழிகாட்டியில் எனக்குப் பிடித்த படி இது. படம் இல்லாமல் போனால் என்ன, ஒளி இருக்கிறதே.

வேறொரு நட்சத்திர மண்டலத்திலிருந்து நம் சூரிய மண்டலத்துக்குள் வந்து, 2017 அக்டோபரில் கண்டறியப்பட்ட ஓமுவாமுவா என்ற விண்பொருளை எந்தத் தொலைநோக்கியும் புள்ளிக்கு மேல் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் புள்ளி சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஏறக்குறைய பத்து மடங்கு வரை மங்கிப் பிரகாசித்தது. அதிலிருந்தே, அது உருளுகிறது, உருண்டையாக இல்லாமல் மிக நீளமாகவோ தட்டையாகவோ இருக்கிறது என்று சொன்னார்கள். உங்கள் சென்சார் அதிகாரிக்கும் இது போதும். புள்ளி சீராகத் துடித்தால், எஞ்சின் அணைந்து புரண்டுகொண்டிருக்கும் கப்பல். துடிப்பு திடீரென்று நின்றால், யாரோ சுக்கானைப் பிடித்துவிட்டார்கள். எனக்கு அந்த நொடியில் முதுகு சில்லிடும்.

அடுத்து நிறமாலை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்ப்பது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் இந்தியாவின் மேல் விழுந்தது. குண்டூரில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் சூரியனின் விளிம்பு ஒளியை நிறமாலைமானியில் ஆராய்ந்தார். அந்த ஆண்டில் சூரிய ஒளியில் காணப்பட்ட ஒரு மஞ்சள் கோடு, அதுவரை பூமியில் யாருக்கும் தெரியாத தனிமத்துடையது. அதுதான் ஹீலியம். தொட்டுப் பார்க்காமல், ஒரு கோட்டை வைத்து ஒரு தனிமம்! கடாரத்திலும் அப்படித்தான்: எதிரியின் எஞ்சின் புகையில் எந்தத் தனிமத்தின் கோடு தெரிகிறதோ, அதிலிருந்து எரிபொருளை ஊகிக்கலாம். கோடு சற்று இடம்பெயர்ந்திருந்தால் டாப்ளர் விளைவு. அவன் நம்மை நோக்கி வருகிறானா, விலகுகிறானா, எவ்வளவு வேகம் என்பது தெரியும். பக்கவாட்டில் நகர்வதை அது சொல்லாது. அதற்கு நட்சத்திரப் பின்னணியில் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

படி 6: திசை வேறு, தூரம் வேறு

ஒரே கண் திசையை மட்டும்தான் தரும். அந்தப் புள்ளி பக்கத்தில் இருக்கும் சின்ன ட்ரோனா, தொலைவில் இருக்கும் பெரிய கப்பலா? இரவில் பெர்ரியில் பட்டர்வொர்த் போகும்போது எதிரே தெரியும் விளக்கு மீன்பிடிப் படகுடையதா, தொலைவில் நிற்கும் கொள்கலன் கப்பலுடையதா என்று நாம் குழம்புவதில்லையா? அதே குழப்பம்.

தீர்வு இடமாறு தோற்றம். 10,000 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ட்ரோன்களை நிறுத்தினால், 30 லட்சம் கிலோமீட்டரில் உள்ள பொருள் இரண்டுக்கும் முழுநிலா அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தள்ளித் தெரியும். மிக எளிதாக அளக்கலாம். ட்ரோன்கள் அந்த இடத்துக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும் என்பதையும் எழுதுங்கள்.

இதன் மறுபக்கத்தை மலேசியர்கள் நாம் துயரத்தோடு அறிவோம். 2014 மார்ச் 8 அன்று கோலாலம்பூரிலிருந்து 239 பேருடன் புறப்பட்ட எம்எச்370 விமானம், தன்னை அறிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் ஓய்ந்ததும் பயணிகள் விமானக் கட்டுப்பாட்டுத் திரையிலிருந்து மறைந்தது. அது திரும்பிப் பினாங்கை ஒட்டிப் போனதைப் பதிந்தது ராணுவ ரேடார். அதற்குப் பிறகு கிடைத்தவை செயற்கைக்கோளுடன் நடந்த சில மின்னணுக் கைகுலுக்கல்கள் மட்டும். சமிக்ஞை வந்து சேர்ந்த தாமதம் தூரத்தைத் தந்தது, திசையைத் தரவில்லை. அதனால்தான் வரைபடத்தில் ஒரு புள்ளிக்குப் பதிலாக வளைவுகள் வரையப்பட்டன. அலைவரிசையின் சிறு மாற்றத்தை வைத்துத்தான் தெற்கு இந்தியப் பெருங்கடல் பக்கம் என்று முடிவுக்கு வந்தார்கள். அந்தக் குடும்பங்களின் காத்திருப்பைக் கதைக்குத் தீனியாக்கச் சொல்லவில்லை. ஆனால் தானாகப் பெயர் சொல்லும் கருவியும் தேடிக் கண்டுபிடிக்கும் கருவியும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் எனக்குச் சொன்னதில்லை. உங்கள் கதையில் கப்பலின் பெயரும் கொடியும் திரையில் வருகிறதென்றால், அதை அந்தக் கப்பலே அனுப்பியிருக்க வேண்டும். பொய்யும் அனுப்பலாம்.

படி 7: ரேடாரைக் கடைசியில் எடுங்கள்

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார்கள். அந்த விளக்கில் அவருக்குத் தெரிந்தது எதிரே இருக்கும் மரம் மட்டும். ஆனால் அவருடைய விளக்கு நாலைந்து நிரை தாண்டி நிற்பவருக்கும் தெரியும். ரேடார் அந்தத் தலைவிளக்கு.

அலை போகும்போதும் பரவுகிறது, எதிரொலித்துத் திரும்பும்போதும் பரவுகிறது. தூரம் இரட்டித்தால் எதிரொலி 16-ல் ஒரு பங்கு. பத்து மடங்கானால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எதிரிக்கோ அலை ஒரு வழிதான், பத்து மடங்கு தூரத்தில் நூறில் ஒரு பங்கு அவனுக்குக் கிடைக்கும். நீங்கள் அவனைப் பார்ப்பதற்கு வெகு முன்பே அவன் உங்களைப் பார்த்திருப்பான்.

பயனில்லை என்று சொல்லவில்லை. 1961-ல் வெள்ளிக்கு ரேடார் அலை அனுப்பித்தான் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைத் துல்லியமாக்கினார்கள். துல்லியமான தூரமும் வேகமும் உடனே வேண்டுமென்றால் ரேடாரோ லேசரோதான். ஆகவே கதையில் ரேடாரைப் போடச் சொல்லும் கேப்டன், "நான் இங்கே இருக்கிறேன், பரவாயில்லை" என்று சொல்கிறார். அதை ஒரு முடிவாக எழுதுங்கள், போகிற போக்கில் அழுத்தும் பொத்தானாக வேண்டாம்.

படி 8: அந்த மூன்று உயிர்கள்

உலோகச் சுவருக்குள் இருக்கும் இதயத் துடிப்பை 30 லட்சம் கிலோமீட்டரிலிருந்து கேட்க வழியே இல்லை. உள்ளே ஊடுருவிப் பார்க்கும் முறைகள் இருக்கத்தான் செய்கின்றன. 2017-ல் எகிப்தின் கூஃபு பிரமிடுக்குள் ஒரு வெற்றிடம் இருப்பதை, கல்லையும் ஊடுருவும் மியூவான் துகள்களை வைத்துக் கண்டார்கள். பக்கத்திலேயே கருவியை வைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து. எதையும் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ துகளைப் பிடிக்க ஜப்பானில் 50,000 டன் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். அதைக் கப்பலில் ஏற்றினால் கப்பலே அந்தத் தொட்டிதான்.

அணு உலை இருந்தால் காமா கதிர் காட்டிக்கொடுக்கும். 1980-களில் சூரியனை ஆராயப் போன ஓர் அமெரிக்கச் செயற்கைக்கோளின் கருவியில், சோவியத் செயற்கைக்கோள்களின் உலைகளிலிருந்து வந்த காமா கதிர்கள் பதிந்தன. அது பூமியைச் சுற்றும் பாதைகளுக்குள் நடந்தது. 500 கிலோமீட்டரில் தெரிந்த ஒன்று 30 லட்சம் கிலோமீட்டரில் 3 கோடிக்கும் மேற்பட்ட பங்கில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

ஆக, உயிரை நேரடியாகத் தேடாதீர்கள். உயிர் செய்யும் அசுத்தத்தைத் தேடுங்கள். கசியும் காற்றில் ஆக்சிஜன், வெளியே கொட்டும் கழிவுநீர், வெப்பக்கழிவு ஏறி இறங்கும் ஒழுங்கு. விண்வெளி ஓடங்கள் தண்ணீரைக் கொட்டியபோது அது மினுங்கும் மேகமாகத் தரையிலிருந்தே தெரிந்திருக்கிறது.

படி 9: அதிகாரியின் வாயில் வார்த்தையை வையுங்கள்

எல்லாக் கணக்கும் முடிந்தபின் அதைக் கதையிலிருந்து துடைத்துவிடுங்கள். மிஞ்ச வேண்டியது, என்ன தெரியும், எதிலிருந்து தெரியும், எவ்வளவு நம்பலாம் என்று பேசும் மனிதர்கள். தம்பியின் காட்சியை அன்றே திருத்தினோம். அவன் எழுதி வந்ததில் கொஞ்சம்:

"கேப்டன், சூடான புள்ளி ஒன்று. 290 கெல்வின். போன சுற்றில் நாம் கவனிக்கவில்லை."

"தூரம்?"

"தெரியாது. ட்ரோன்கள் விரிய இன்னும் ஆறு மணி நேரம். ரேடார் போட்டால் உடனே சொல்கிறேன்."

"வேண்டாம். உருளுதா?"

"பழைய பதிவில் தேடிப் பார்த்தேன், நேற்று வரைக்கும் நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை மங்கியிருக்கு. இப்போ மங்கவே இல்லை."

"உள்ளே ஆள் இருக்காங்களா இல்லையா, அதைச் சொல்லும்மா."

"சூடு இருக்கு, கேப்டன். அவங்க கழிவுத் தண்ணியை வெளியே கொட்டட்டும், சொல்றேன்."